எண்ணெய் சரிந்த பக்கம்

படகில் குடியிருக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, குளிர் எப்படி என்று. அடுத்தது, கழிப்பறை எப்படி என்று. பயம் எப்படி என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன்.

எனக்கு நீந்தத் தெரியாது. இலண்டனின் கால்வாய்களில், விரல் தடிப்புக்கூட இல்லாத ஓர் இரும்புத் தகட்டுக்கு இந்தப் பக்கம் தலையணை, அந்தப் பக்கம் தண்ணீர் என்று படுத்து எழும்புகிறேன். கால்வாய் ஆழமில்லை என்று என் கணவர் சொல்லுவார். "விழுந்தால் எழும்பி நில்லும். நெஞ்சு மட்டும்தான் வரும்."

"ஆரின்ரை நெஞ்சு? உங்கடை நெஞ்சோ, என்ரை நெஞ்சோ?"

அவர் ஆறடி. நான் அவருடைய நெஞ்சுக்குத்தான் வருவேன்.

பாரிஸில் இருந்தபோதே அவருக்கு இந்த ஆசை பிடித்துவிட்டது. ஓர் உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு, பின்பக்க யன்னலால் ஆற்றில் போகிற படகுகளைப் பார்த்துப் பார்த்து வளர்த்த ஆசை. இலண்டனுக்கு வந்து பஸ் ஓட்டத் தொடங்கிய பிறகு, ஃபாரஸ்ட் கேட்டிலும் அப்டன் பார்க்கிலும் வாடகை வீடுகள் மாறி மாறி எனக்கும் அலுத்துவிட்டது. வீட்டுக்காரன் அதிகாரம் பண்ணும் வீட்டைவிட வீட்டுக்காரனே இல்லாத வீடு நல்லதுதானே என்று நானும் தலையாட்டினேன். கையில் இருந்தது எல்லாம் படகுக்குள் போனது. திரும்பிப் போக எங்களுக்கு வேறு கூரை இல்லை. இது மூழ்கினால் நாங்கள் தெருவில். இதை நான் முதல் நாளே மனத்துக்குள் எழுதி ஒட்டிவிட்டேன்.

நாரோபோட் என்பார்கள். ஒடுங்கிய படகு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கட்டிலில் ஏறி வழி விட வேண்டும். கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், தெற்கு இலண்டனில் மிச்சம் என்கிற ஊரில் இருந்து முதல் தடவை வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றா. "இது வீடில்லையடி பிள்ளை. ஆரோ ஒரு வீட்டின்ரை கொரிடோரை மட்டும் வெட்டித் தண்ணியிலை விட்டிருக்கிறாங்கள்." இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. யார் வந்தாலும் இதைத்தான் சொல்லிக் காட்டுகிறேன்.

சரி, பயத்தோடு வாழக் கற்றுக்கொண்டவற்றையும் சொல்லிவிடுகிறேன். படகுக்கும் கரைக்கும் இடையில் ஒருநாளும் காலையோ கையையோ கொடுக்கக் கூடாது. படகு மெல்லத்தான் வரும், ஆனால் நிற்காது. கரி அடுப்பு எரியும்போது காற்றுத் துவாரங்களை அடைக்கக் கூடாது. மச்சாள் முதல்நாளே குளிருக்குப் பயந்து என் காலுறை இரண்டையும் அவற்றுக்குள் திணித்துவிட்டா. நஞ்சுப் புகைக்கு அலறுகிற கருவி ஒன்று சுவரில் இருக்கிறது. மிளகாய் வறுக்கும்போது அதைத் துவாயால் மூடிக் கட்டுகிற எங்கள் வீட்டுப் பழக்கத்தைப் படகில் விட்டுவிட வேண்டும். மிளகாயைக் கரையில் வைத்து வறுக்கலாம், உயிரைக் கரையில் வைக்க ஏலாது. காலையில் எழும்பியதும் யன்னல்களின் ஈரத்தைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் உடுப்பு அலுமாரிக்குள் பூஞ்சணம் குடிவந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சினுக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறதா என்று தினமும் எட்டிப் பார்க்க வேண்டும். எட்டிப் பார்ப்பது அவருடைய வேலையாக இருந்தது. அவர் பார்த்துவிட்டு வந்து "காஞ்சு கிடக்கு" என்று சொன்ன பிறகுதான் எனக்குத் தேத்தண்ணீர் இறங்கும்.

எங்களுக்கு நிரந்தரமான இடம் இல்லை. அப்படியான அனுமதி. இரண்டு கிழமைக்கு ஒருமுறை கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வேறிடம் போக வேண்டும். மழையோ நோய் வருத்தமோ, போகத்தான் வேண்டும்.

போன மாரிகாலம் அவர் ஈரப் படியில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கை முழங்கை வரை மாக்கட்டு. இடது கையால் சுக்கான் பிடிக்கலாம், ஓரளவு கயிறு பிடிக்கலாம். எஞ்சினுக்கு அடியில் எட்டிப் பார்ப்பதைத் தவிர, தூக்குவது, திருகுவது எல்லாம் என் தலையில். அந்தக் கிழமைதான் நான் அவருக்குத் தெரியாமல் மச்சாளுக்குப் போன் எடுத்தேன்.

"மச்சாள், எனக்கு இனி இந்தப் படகிலை இருக்க ஏலாது. நீங்கள் வந்து சொன்னால்தான் இவர் கேப்பார்."

"நான் வாறன். என்ரை வீட்டு மேல் அறை சும்மாதான் கிடக்கு. டிராம் சத்தம் கேக்கும், அவ்வளவுதான். டிராம் ஒருநாளும் வீட்டுக்குள்ளை வராது. தண்ணி அப்படி இல்லை."

வெள்ளிக்கிழமை வந்தா. இடியப்பம், சம்பல், கத்தரிக்காய்க் கறி, கூடவே தன் இடியப்ப ஸ்டீமரும். படகில் ஸ்டீமர் இல்லை என்று நான் எப்போதோ சொன்னது நினைவிருந்திருக்கிறது. நாங்கள் அப்போது டொட்டன்ஹாம் பக்கம், புதிதாக எழும்பிய உயரமான பிளாட்டுகளுக்குக் கீழே கட்டியிருந்தோம். இரண்டு கிழமை முடிந்து, அன்று நகர்ந்தே ஆக வேண்டும். தண்ணீர்த் தாங்கியும் வற்றும் நிலையில் இருந்தது. "ஏறுங்கோ அக்கா, தண்ணி பிடிக்கிற இடம் மட்டும் போவம். போற வழியிலை கதைப்பம்" என்றார். அவருக்கு அக்கா எதற்கு வந்திருக்கிறா என்று தெரியும். தம்பிமாருக்குத் தெரியாமல் அக்காமார் ஒன்றும் செய்ய முடியாது, முகத்திலேயே எழுதியிருக்கும்.

கயிற்றை அவிழ்த்துக் கொஞ்சத் தூரம்கூடப் போகவில்லை. எஞ்சின் ஒரு மாதிரி முக்கி முனகியது. பின்பக்கம் கறுத்த புகை. படகு நடுங்கியது, என் கால் பாதத்திலேயே நடுக்கம் ஏறியது.

"ப்ரொபெல்லரிலை ஏதோ சுத்தியிட்டுது" என்றார். "கரைக்கு விடுறன். நீர் பாசிக்கதவைத் திறந்து பாரும்."

பாசிக்கதவு என்பது நாங்கள் வைத்த பெயர். படகின் கடைசியில், மிதிபலகைக்கு அடியில், ப்ரொபெல்லருக்கு நேர் மேலே இரும்பால் ஒரு பெட்டி மாதிரிக் குழி. அதன் மூடியைத் திருகு கழற்றித் தூக்கினால் கீழே கால்வாய் தெரியும். கையை விட்டால் ப்ரொபெல்லர். இந்தக் கால்வாய்களில் சாறன், சைக்கிள் டியூப், மெத்தை உறை, எது சுற்றினாலும் அதற்குள் கையை விட்டு வெட்டித்தான் எடுக்க வேண்டும். அப்படி ஒரு ஓட்டையை வேண்டுமென்றே வைத்துக்கொண்டு ஒரு படகைக் கட்டுவார்கள் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை. அந்தக் குழியின் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருப்பதால் சும்மா நிற்கும்போது உள்ளே ஏறாது. ஆனால் ப்ரொபெல்லர் சுற்றும்போது தண்ணீரை மேலே தள்ளும். அப்போது அந்த மூடிதான் காவல். மூடி சரியாக உட்காராவிட்டால், நீங்கள் முன்னே போகப் போகப் படகு பின்னால் குடித்துக்கொண்டு வரும்.

அவர் கரையில் குதித்து, முன்கயிற்றை இடது கையில் சுற்றிப் பிடித்தபடி நின்றார். நான் எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவி, என் கோட்டுப் பைக்குள் போட்டுப் பொத்தானும் பூட்டினேன். இதை யாருக்கும் விட்டுக் கொடுக்கமாட்டேன். ப்ரொபெல்லரில் கை இருக்கும்போது சாவி என்னிடம் இருக்க வேண்டும்.

மூடியைத் தூக்கினேன். கறுத்த தண்ணீர். பாண் வெட்டும் கத்தியோடு முழங்கை வரை விட்டேன். குளிர் எலும்பைக் கவ்வியது. முதலில் வந்தது ஒரு பிளாஸ்டிக் பை. பிறகு ஏதோ வழுவழுப்பாக. இழுத்தேன். சிவப்பு. நல்ல சிவப்பு. பட்டுமாதிரித் துணி, மஞ்சள் நூல் சுற்றி முடிச்சுப் போட்டது. முடிச்சோடு பாதியாய் வெட்டிய ஒரு தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, வெட்டின முகத்தில் இன்னும் குங்குமம்.

மச்சாள் கம்பளித் தொப்பியோடு என் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தா.

"என்னடி பிள்ளை அது?"

"துணி, மச்சாள்."

"என்ன துணி? தூக்கு பாப்பம்." தூக்கினேன். "ஐயோ கடவுளே! கையை எடு! கையை எடடி! அது கழிப்பு!"

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் அந்தச் சொல்லுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் ஒருவருக்குத் தீராத நோய் வருத்தம், கண்ணூறு, கெட்ட காலம் என்றால், அதை அவரிடம் இருந்து இறக்கித் தேசிக்காயிலும் துணியிலும் கட்டி ஓடுகிற தண்ணீரில் விடுவார்கள். தண்ணீர் கொண்டு போய்விடும். போகிற வழியில் யாருடைய கை படுகிறதோ, அது அவரிடம் ஏறும். அப்படித்தான் எங்களை வெருட்டி வளர்த்தார்கள். இலண்டனில் எங்கள் சனத்துக்கு ஓடுகிற தண்ணீருக்கு எங்கே போவது? கண்ணில் படுகிற கால்வாயில் விட்டுவிட்டுப் போகிறார்கள். கால்வாய் ஓடாது. அது கொடுத்ததை வைத்துக்கொண்டு அடுத்த படகுக்காகக் காத்திருக்கும்.

நான் மூடநம்பிக்கைக்காரி இல்லை என்று வெளியில் சொல்லிக்கொள்கிறவள். ஆனால் கை தானாகவே உதறிக்கொண்டது. துணி திரும்பக் குழிக்குள் விழுந்தது. ஏற்கெனவே கை முறிந்த மனுசன் ஒருவர் கரையில் கயிறோடு நிற்கிறார். எனக்கு வேறு அறிகுறி வேண்டியிருக்கவில்லை.

"வாளியைத் தாங்கோ மச்சாள், மீதியை வெட்டி எடுத்துப் போடுறன்."

"வாளியிலையோ? விசரே உனக்கு? அது இந்தப் படகுக்குள்ளை ஏறக்கூடாது! கத்தியாலை தட்டி விடு. அது வந்த வழியிலை போகட்டும்."

கையால் தொடாமல், கத்தி நுனியால் மட்டும், ப்ரொபெல்லரில் இருந்த சுற்றை அறுத்தேன். அறுந்தது. பெரும்பகுதி கீழே அமிழ்ந்தது. பிளாஸ்டிக் பையைக்கூட மச்சாள் திரும்பத் தள்ளிவிட்டா.

"முடிஞ்சுதோ?" என்று கரையில் இருந்து அவர் கத்தினார். "கை விறைக்குது எனக்கு!"

"முடிஞ்சுது! மூடு, மூடு" என்று மச்சாள்தான் பதில் சொன்னா.

மூடியை வைத்து, திருகை முறுக்கினேன். இறுகியது. நன்றாகவே இறுகியது. இடையில் அந்தத் துணியின் ஒரு வால் விளிம்பில் ஒட்டிக்கொண்டு கிடந்ததால்தான் அவ்வளவு கெதியாக இறுகியது என்று எனக்கு எப்படித் தெரியும்? வழமையாக விளிம்பை விரலால் ஒருமுறை வழித்துத் துடைத்துவிட்டுத்தான் மூடுவோம். அன்று அந்த விளிம்பைத் தொட எனக்கு விரல் வரவில்லை.

மறுபடியும் புறப்பட்டோம். அவர் பின்னால் சுக்கானில், நாங்கள் இருவரும் உள்ளே. நான் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன். மச்சாள் மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து இன்னொருமுறை கழுவ வைத்தா. அதோடு தன் கதையைத் தொடங்கினா. "பாத்தியோ, இதுதான் நான் சொல்லுறது. ஊரான் வீட்டுக் கழிசறை எல்லாம் உங்கடை காலடிக்கு வருது. மிச்சத்திலை என்ரை வாசலுக்கு என்ன வரும்? பீட்ஸா விளம்பரம் வரும். வேண்டாமெண்டால் கிழிச்சுப் போடலாம்."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. போய்விடுவோம் என்று மனத்துக்குள் முடிவே எடுத்துவிட்டேன். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. எங்கோ ஒரு சின்னப் பம்ப் 'ங்ங்' என்று விடாமல் முனகிக்கொண்டிருந்தது. குசினிக் குழாய்க்குத் தண்ணீர் தள்ளுகிற பம்ப், தாங்கி வற்றியதால் முனகுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்கெல்லாம் இருட்டுகிற மாதம். வெள்ளிக்கிழமை. விளக்கேற்ற வேண்டும். எங்கள் சாமித்தட்டு யன்னலோரம். ஐந்து முகம் உள்ள சின்னக் குத்துவிளக்கு, விழுந்தாலும் எண்ணெய் பரவாதபடி அவர் விளிம்பு வைத்துச் செய்த தகரத் தட்டில் நிற்கும். அன்று எனக்கிருந்த பயத்துக்கு எண்ணெயைக் கஞ்சத்தனம் பார்க்காமல் விளிம்பு முட்ட ஊற்றினேன். ஐந்து திரியும் ஏற்றினேன். கண்ணை மூடி, இந்தப் பாழாய்ப்போன துணி யாருடையதோ அவர்களுக்கும் நல்லது நடக்கட்டும், எங்களை விட்டுவிடட்டும் என்று கும்பிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது இரண்டு திரி அணைந்திருந்தது.

"பார்" என்று மச்சாள் மெதுவாகச் சொன்னா. "ஊதினது ஆர்? காத்தும் இல்லை."

உண்மையிலேயே காற்று இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். படகின் முன்பக்கத்தைப் பார்த்த திரிகளின் அடியில் எண்ணெய் விலகி, பித்தளை தெரிந்தது. பின்பக்கத்தைப் பார்த்த முகங்களில் எண்ணெய் ததும்பி, சொட்டுச் சொட்டாய்த் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு திரி எண்ணெய் இல்லாமல் அணைந்திருக்கிறது. மற்றது எண்ணெயில் மூழ்கி அணைந்திருக்கிறது.

"சகுனம் சரியில்லை பிள்ளை. நான் அப்பவே சொன்னனான்."

நானும் சகுனம் என்றுதான் நின்றேன். பிறகு அவர் எப்போதும் சொல்லுகிற ஒன்று தலைக்குள் வந்தது. கரி மூட்டைகளைக் கூரையில் அடுக்கும்போது சொல்லுவார்: "உம்மடை விளக்கைப் பாரும், எண்ணெய் எந்தப் பக்கம் சரியுதோ, அந்தப் பக்கம் பாரம் கூட. அந்த மூட்டையை மற்றப் பக்கம் தள்ளும்." பகிடியாகத்தான் சொல்லுவார். எண்ணெய் பின்பக்கம் சரிந்திருக்கிறது. நாங்கள் பின்னால் ஒன்றும் ஏற்றவில்லை.

அப்போதுதான் அந்தப் பம்பின் முனகல் குசினிக்குள் இருந்து வரவில்லை என்பது காதில் பட்டது. அது எஞ்சினுக்கு அடியில் தேங்குவதை வெளியே துப்புகிற பம்ப்.

ஓடினேன். ஒடுங்கிய படகில் ஓடுவது என்றால் இரண்டு பக்கமும் தோளால் இடித்துக்கொண்டு ஓடுவது. அவர் சுக்கானோடு பாட்டு முணுமுணுத்துக்கொண்டு நின்றார். "என்னண்டு தெரியேல்லை, இண்டைக்குப் படகு கொஞ்சம் இழுக்குது" என்றார். நான் அவருடைய காலடியில் இருந்த பலகையைத் தூக்கினேன்.

கீழே எஞ்சினில் பாதி காணவில்லை. கறுத்த தண்ணீர் பெல்ட் வரை ஏறி, பெல்ட் அதை அள்ளி நாலா பக்கமும் வீசிக்கொண்டிருந்தது. பாசிக்கதவின் மூடியைச் சுற்றித் தண்ணீர் கொப்புளித்தது.

"எஞ்சினை நிப்பாட்டுங்கோ! தாழுது! நிப்பாட்டுங்கோ!"

நிறுத்தினார். பம்பின் முனகல் மட்டும் கேட்டது. நாங்கள் கால்வாயின் நடுவில். பின்பக்கம் தாழ்ந்து, தண்ணீர் பின்தளத்தின் விளிம்புக்கு நாலு விரல் கீழே. அது விளிம்பைத் தாண்டினால் பிறகு ஒருவராலும் ஒன்றும் செய்ய ஏலாது, ஒரு தேத்தண்ணீர் குடிக்கிற நேரம்கூடப் படகு நிற்காது என்று பக்கத்துப் படகுக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் முழு வீடும், பாரிஸ் காலத்து உடுப்பும், கல்யாணப் படமும், உள்ளே மச்சாளும்.

"முதல்லை மூடி!" என்றார். "மூடியைக் கழற்றித் திருப்பி இருத்தும். என்ரை கையாலை ஏலாது!" அவர் மாக்கட்டுக் கையைக் காட்டினார், எனக்குத் தெரியாதது மாதிரி. பிறகு மற்றக் கையால் கைப்பம்பை அடிக்கத் தொடங்கினார்.

முழங்காலில் இறங்கினேன். தண்ணீர் தொடை வரை. எஞ்சினின் சூடும் கால்வாயின் குளிரும் ஒரே நேரத்தில் காலில் பட்டன. மூடி தண்ணீருக்கு அடியில், கண்ணுக்குத் தெரியவில்லை. திருகைத் தடவிப் பிடித்துக் கழற்றினேன். விரலை விளிம்பில் ஓட்டினேன். அங்கே இருந்தது அந்தத் துணி. வழுவழுப்பாக, மடிந்து, என்னைக் காத்துக்கொண்டிருந்ததுபோல.

அந்தக் கணத்தில் எனக்கு எந்தப் பயம் பெரிது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. துணியைத் தொடவும் பயம், தொடாமல் விடவும் பயம். கண்ணை இறுக மூடிக்கொண்டு அதைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். பிய்ந்துகொண்டு வந்தது, முடிச்சோடு, நூலோடு, இலைகளோடு. தூக்கிப் பின்தளத்தில் எறிந்தேன்.

"படகுக்குள்ளை ஏத்தாதை எண்டனெல்லோ!" என்று பின்னால் மச்சாள்.

"மச்சாள், வாயை மூடிப்போட்டுத் தண்ணியை அள்ளுங்கோ!"

கல்யாணமாகி இத்தனை காலத்தில் மச்சாளிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவ உடனே உள்ளே ஓடி, கையில் அகப்பட்டதைக் கொண்டுவந்து அள்ளத் தொடங்கினா. அள்ளி அள்ளி ஊற்றுகிறா, தண்ணீர் குறையவே இல்லை.

"அக்கா! அது இடியப்ப ஸ்டீமர்! அடியெல்லாம் ஓட்டை!" என்று அவர் கத்தினார்.

மச்சாள் ஸ்டீமரைப் பார்த்தா, அதன் ஓட்டைகளால் தண்ணீர் என் தலையில் கொட்டியது. "இதைச் சொல்ல இவ்வளவு நேரமோ உனக்கு?" என்று தம்பியைத் திட்டிவிட்டுச் சோற்றுப் பானையோடு திரும்பி வந்தா. அந்தக் குளிரில், அந்தப் பயத்தில், எனக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் விளிம்பை விரலால் நாலு பக்கமும் வழித்தேன். மூடியை வைத்தேன். அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. திருகை முறுக்கினேன். இந்தமுறை கெதியாக இறுகவில்லை, வழமைபோல நிறையச் சுற்று எடுத்தது.

கரையில் ஓடிக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் கூச்சலைக் கேட்டு நின்றுவிட்டார். என் கணவர் கயிற்றை எறிந்தார், அந்த மனிதர் பிடித்து எங்களைக் கரைக்கு இழுத்துக் கட்டினார். பெயர் கேட்கவும் மறந்துபோனோம். மச்சாள் மட்டும் அவர் கையில் நாலு இடியப்பத்தைத் தாளில் சுற்றித் திணித்தா. சாப்பிட்டாரோ என்னவோ.

நாலு விரல் ஆறு விரலாகியது. ஆறு ஒரு சாணாகியது. மூன்று பேரும் அள்ளினோம். எண்ணெய் கலந்து வந்த கடைசித் தண்ணீரைக் கால்வாயில் ஊற்ற அவர் விடவில்லை. பழைய துவாய்களில் ஒற்றி வாளியில் பிழிய வைத்தார். அதுவும் படகு வைத்திருக்கிறவர்கள் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. நாங்கள் தாழ்ந்தாலும் வாத்துகள் என்ன பிழை செய்தன?

அடுத்தநாள் காலையில்தான் அந்தத் துணியைக் கவனித்தோம். பின்தளக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. இரவு முழுக்க அது அங்கேதான். தூங்குகிறவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. தூங்காத எனக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

அவர் தேத்தண்ணீரோடு போய் அதை இடது கையால் விரித்தார். "அக்கா, இஞ்சை வாங்கோ. இது என்ன?"

மஞ்சள் நூலில் வரிசையாகப் பச்சை இலைகள். மாவிலை. பிளாஸ்டிக் மாவிலை. அப்டன் பார்க்கின் கிரீன் ஸ்ட்ரீட் கடைகளில் தொங்குமே, அதே தோரணம். தண்ணீரில் கிடந்தும் ஒரு வாடலும் இல்லை. துணி கும்பத்துக்குச் சுற்றுகிற பட்டுத் துண்டு, ஓரத்தில் சரிகை.

"கழிப்புக்கு ஆர் அக்கா மாவிலைத் தோரணம் கட்டினவன்?"

மச்சாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தா. பிறகு அண்ணாந்து, நாங்கள் முதல்நாள் விட்டுவந்த திசையில் தெரிந்த பிளாட்டுகளைப் பார்த்தா. "குடிபூரல்" என்றா. "புது வீட்டுக்குப் பால் காய்ச்சியிருக்கினம். பேந்து கும்பச் சாமானையும் வாசலிலை வெட்டி வைச்ச தேசிக்காயையும் குப்பையிலை போட மனம் வராமல் தண்ணியிலை விட்டிருக்கினம். எங்கடை சனம்தான்."

யாரோ ஒரு குடும்பம் புது வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்ததில் எங்கள் வீடு தாழப் பார்த்தது. மச்சாள் அந்தத் துணியை வாங்கி, பிழிந்து, மடித்தா. வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்குள் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டா. "நல்ல காரியத்துத் துணி. எறியக்கூடாது."

அவர் தரையைப் பார்த்தபடி நின்றார். முகம் இரவோடு இரவாய் வயதாகியிருந்தது. "நீங்கள் சொல்லுறது சரி அக்கா" என்றார். "இவளும் பாவம். மேல் அறைக்கு வாறம்."

நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. அதற்காகத்தான் போன் எடுத்தவள் நான். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பின்பக்கம் போய்ப் பலகையைத் தூக்கினேன். எஞ்சினுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அவருடைய அந்தக் காலை வேலையை முதல் தடவையாக நானே செய்தேன்.

"காஞ்சு கிடக்கு" என்றேன்.

"அப்ப?" என்றா மச்சாள்.

"கை சுகமாகட்டும் மச்சாள். பிறகு பாப்பம்."

"உனக்குப் பயம் போயிட்டுதோ?"

"இல்லை" என்றேன். உண்மைதான். போகவில்லை, இன்றைக்கும் இல்லை. மிச்சத்து மேல் அறையில் படுத்தால் பயம் போய்விடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது போகாது, என்னோடு டிராம் ஏறி வரும் என்று அந்தக் காலையில் தோன்றியது. இங்கேயாவது எங்கே குனிந்து பார்ப்பது என்று தெரியும்.

மச்சாள் ஸ்டீமரை விட்டுவிட்டுப் போனா. "தண்ணி அள்ள வேண்டாம்" என்று மட்டும் சொன்னா.

மாக்கட்டு வெட்டிய பிறகும் பாசிக்கதவு என் பொறுப்புத்தான். அவருக்கு விட்டுக் கொடுப்பதில்லை. விளிம்பை நாலு பக்கமும் விரலால் வழித்து, மூடியை அசைத்துப் பார்த்து, திருகின் சுற்றை எண்ணி முறுக்குகிறேன். முறுக்கிவிட்டு எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பலகையைத் தூக்கி மறுபடியும் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் விளக்கில் எண்ணெயை விளிம்பு முட்ட ஊற்றுகிறேன். கும்பிடுவதற்கு முன், சாமி கோபிக்கக் கூடாது, முதலில் எண்ணெயைத்தான் பார்க்கிறேன்.